வழிமொழிய ஆளில்லாத தீர்மானம்

தலைமை வகிக்கும் பெரியவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் தோழர்களே! பகல் வேலை முடிந்து, துறைமுகத்துக் கரித்தூளைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து நிற்கும் என் தொழிலாளத் தோழர்களே!

செல்வநாதன் போய்விட்டார். கிரேன் ஓட்டியவர், ராயபுரம் வட்டச் செயலாளர், ஏழைகளின் காவலர், நம் செல்வநாதன் போய்விட்டார்! எட்டு நாளாகக் கட்சி அலுவலகத்தில் நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் வாசலில் நின்று அவர் நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். எனக்குப் பேச ஆளில்லை, தோழர்களே.

போராட்டங்களில் அவர் பட்ட தடியடியைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள். நான் அவருடைய ஒரு தீர்மானத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

புளியந்தோப்பில் காத்தூன் பீவி என்ற தாய். மகள் சாபிராவுக்குக் குடற்காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மருந்துச் சீட்டு எழுதி, வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த விலைக்கு அவள் எங்கே போவாள்? எங்கள் முஸ்லிம் வீடுகளில் நோயாளிக்குப் பீங்கான் தட்டில் குர்ஆன் வசனம் எழுதி, நீரில் கரைத்துக் கொடுப்பார்கள். அவள் அந்தச் சீட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் குழந்தைக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள். நானும் செல்வநாதனும் அப்போதுதான் உள்ளே நுழைந்தோம்.

“இன்னாம்மா இது?” என்றார் அவர்.

“மருந்து வாங்க வக்கில்லண்ணே. டாக்டரு எய்தினதாச்சும் அது வவுத்துக்குள்ள போவட்டும்.”

அவளை அறியாதவள் என்று சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன்! அவளுக்கு எல்லாம் தெரியும். குழந்தை பிழைக்கவில்லை.

அந்த வாரமே செல்வநாதன் தீர்மானம் எழுதினார். அரசாங்க டாக்டர் எழுதும் மருந்து எதுவானாலும் அரசாங்கமே கொடுக்க வேண்டும்; நம் கட்சியின் தேர்தல் அறிக்கையில் இதைச் சேர்க்க வேண்டும். ஐம்பத்தொன்றில், முதல் பொதுத்தேர்தலுக்கு முன், காலடிப்பேட்டை மாநாட்டுப் பந்தலில் எழுந்து நின்று முன்மொழிந்தார். “கஜானாவை மருந்துக்கடை ஆக்கலாமா?” என்று யாரோ கேட்க, பந்தலே சிரித்தது. “வழிமொழிபவர் உண்டா?” என்றார் தலைவர்.

வழிமொழிவதாக வாக்குக் கொடுத்திருந்தவன் யார்? இந்த அத்தாவுல்லாதான்! கவுன்சிலர் தேர்தலில் என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து செருப்பைத் தேடினேன். விவாதமே இல்லாமல் தீர்மானம் விழுந்தது. அத்தனை பேர் நடுவே அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டு, “வுடு மாமு, வா, டீ குடிக்கலாம்” என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கக்கூடாதா? ஒரு வார்த்தை திட்டியிருக்கக்கூடாதா! மூன்று வருஷம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று துணிந்தபோது அவரைப் பெட்டியில் வைத்து மாதாகோயிலுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

தோழர்களே, வருகிற மாநாட்டில் அந்தத் தீர்மானத்தை நான் முன்மொழிவேன். ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

வேண்டாம், கையை இறக்குங்கள்! இங்கே எல்லாரும் தூக்குவீர்கள். இரங்கல் கூட்டத்தில் அது சுலபம். அங்கே, அவர்கள் சிரித்து முடித்தபிறகு தூக்குங்கள். அவரைப்போலத் தனியாக நிற்க எனக்குத் தைரியம் கிடையாது.