சீட்டு எண்ணுவதற்கு முன்னால் நெய்த பெயர்

கண்ணாயிரம்: தொடாதே, தொடாதே... கையெல்லாம் கரி. பட்டுத் துண்டுப்பா இது.

கோதண்டபாணி: தொடல மாமா. டீக்கடையில அடுப்போரமா நின்னுக்கினு இருந்தேன். பேரு முடிஞ்சிடுச்சான்னு மட்டும் சொல்லு.

கண்ணாயிரம்: முடிஞ்சிடுச்சி. தறியிலேர்ந்து அறுக்கணும், அவ்ளோதான். ஆமா, படிப்பகத்துக்குச் செயலாளரு நீ. ஓட்டுச் சீட்டு எப்ப எண்றீங்கோ?

கோதண்டபாணி: நாளைக்குக் காலையில. சாயங்காலம் விழா.

கண்ணாயிரம்: நாளைக்கு எண்ணப்போற சீட்டுக்கு, பத்து நாள் முன்னாடியே பேரு எழுதிக் குடுத்துட்டுப் போனியே!

கோதண்டபாணி: சரிகையில பேரு நெய்ய பத்து நாள் ஆவும்னு யாரு சொன்னது? நீதானே? எண்ணி முடிச்சப்புறம் குடுத்தா, மேடையில வெறும் துண்டையா போத்தறது?

கண்ணாயிரம்: போன வருசமும் இப்பிடித்தானா?

கோதண்டபாணி: போன வருசம் பெரிய வாத்தியாரு. அவரைத்தான் எல்லாரும் எழுதுவாங்கன்னு ஊருக்கே தெரியும். இந்த வருசம் முனிசிபாலிட்டி சேர்மன் கலியாணசுந்தரம்...

கண்ணாயிரம்: "இந்த ஆண்டின் செல்வாக்குமிக்க பொதுமனிதர்." நோட்டீசு நல்லாத்தான் அடிச்சிருக்கே. இன்னா கிழிச்சாரு?

கோதண்டபாணி: தெருத்தெருவா குழாய் போட்டாரே.

கண்ணாயிரம்: அந்தக் குழாயிலதான்டா சாக்கடை கலந்து வந்துது. நம்ம தெருவுல மட்டும் காலராவுல ஏழு பேரு...

கோதண்டபாணி: மெல்லப் பேசு மாமா.

கண்ணாயிரம்: இன்னா மெல்ல? அந்த மேரி நர்சம்மா இல்லேன்னா எழுபது போயிருக்கும். வூடு வூடா பூந்து குடத்தையெல்லாம் கவுத்தா. எம் பொண்ணு பூவம்மா பக்கத்துலயே மூணு நாளு குந்திக்கினு இருந்தா. அப்புறம், குழாய்த் தண்ணிதான் காரணம்னு மேல எழுதிப் போட்டா. உடனே மாத்தல். திங்கக்கிழமை மூட்டை கட்டிக்கினு போறா.

கோதண்டபாணி: கெவுருமெண்டு உத்தரவு. நாம இன்னா செய்யறது?

கண்ணாயிரம்: நாளைக்கு மேடையில கலெக்டர் குந்தியிருப்பாரு. ஊரே சேர்ந்து அவளைத்தான் எழுதிச்சின்னு தெரிஞ்சா, மாத்தல் நிக்காதா?

கோதண்டபாணி: ...நிக்கலாம்.

கண்ணாயிரம்: பூவம்மாவுக்கு இது ஒம்போதாம் மாசம். தலைப்பிரசவம். மேரியம்மா வந்தாத்தான்னு சொல்லிக்கினு இருக்கா.

கோதண்டபாணி: தெரியும் மாமா. அவ்ளோ தெரிஞ்ச நீ, பத்து நாளா ஒவ்வொரு எழுத்தா இழை எண்ணிக் கட்டினியே... கை நிக்கலியா?

கண்ணாயிரம்: ...மருமவனுக்கு முனிசிபாலிட்டியில வேலை நிரந்தரம் ஆவும்னு சொன்னது யாரு? நீதானே வந்து சொன்னே?

கோதண்டபாணி: சேர்மன் சொன்னதைத்தான் சொன்னேன். எம் பொஞ்சாதி காந்தாவுக்கும் டீச்சர் வேலைன்னாரு.

கண்ணாயிரம்: ஆக, ரெண்டு பேரும் அவரு குழாயிலதான் தண்ணி புடிச்சிக்கினு இருக்கோம். சரி... எத்தினி பேரு அவருக்கு எழுதியிருப்பாங்க? பாதி தேறுமா?

கோதண்டபாணி: அதை இப்ப எதுக்குக் கேக்கறே மாமா?

கண்ணாயிரம்: மூஞ்சி இன்னாடா இப்பிடிப் போவுது? பெட்டியைத் தொறந்து பாத்தியா?

கோதண்டபாணி: சாவி எங்கிட்டதானே இருக்குது...

கண்ணாயிரம்: அவருக்கு எத்தினி?

கோதண்டபாணி: ஒண்ணுமில்ல.

கண்ணாயிரம்: ஒண்ணுகூடவா? அவரு மச்சான் தர்மன் நம்ம படிப்பகத்துலதானே இருக்கான்?

கோதண்டபாணி: அவனும்தான். முப்பத்தெட்டு சீட்டு. முப்பத்தெட்டும் மேரி.

கண்ணாயிரம்: படிப்பகத்துல மொத்தம் எத்தினி பேரு?

கோதண்டபாணி: உன்னையும் என்னையும் சேத்து... முப்பத்தெட்டு. உன் கோண எழுத்து எனக்குத் தெரியாதா மாமா?

கண்ணாயிரம்: நீயும் எழுதினியேடா! அப்ப அவளுக்கே போத்தலாமே. வெறும் துண்டா இருந்தா இன்னா... சீட்டுங்கோ எங்க?

கோதண்டபாணி: டீக்கடை அடுப்புல.

கண்ணாயிரம்: ...அதான் கையில கரியா?

கோதண்டபாணி: புதுசா எழுதிப் போட்டுட்டேன். சேர்மனுக்கு முப்பது. நர்சம்மாவுக்கு எட்டு.

கண்ணாயிரம்: அந்தக் கத்திரிய இப்பிடிக் குடு.

கோதண்டபாணி: மாமா... துண்டை இன்னா பண்ணப்போறே?

கண்ணாயிரம்: பயப்படாதே. தறியிலேர்ந்துதான் அறுக்கப்போறேன். எனுக்கும் மருமவன் இருக்கான்... ஒண்ணு சொல்லு. நாளைக்கு எண்ணிச் சொல்லும்போது ஒருத்தனாவது எழுந்து கேக்க மாட்டானா?

கோதண்டபாணி: அதுக்குத்தான் எட்டு வெச்சேன் மாமா. முப்பத்தெட்டு பேரும், அந்த எட்டுல தானும் ஒருத்தன்னு நெனைச்சிக்கினு கை தட்டிட்டுப் போவாங்க.