மருந்துக்கு வயதானால்

காலையில் குளித்து முடித்ததும் கத்தரிச் செடிகளின் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். பூச்சி இலையின் மேற்புறத்தில் இருப்பதில்லை, அடிப்புறத்தில்தான் குடியிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் இந்த வழக்கத்தை நான் விட்டதில்லை. இன்று காலையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

துரைராசு, நீ இப்போது இன்ஸ்பெக்டர். உன்னை மரியாதையாக அழைக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் என்னிடம் படித்தவனை வேறு விதமாக அழைக்க நாக்கு வளையவில்லை. என் காலடியில் இருக்கும் கூடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சத்தம் கேட்டால் பொருட்படுத்தாதே.

வலங்கைமான் கடைத்தெருவில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் முகம்மது யூசுபை நீ லாக்கப்பில் வைத்திருக்கிறாய். கெட்டுப்போன மருந்தை அவன் விற்றான், அது எப்படியோ கஞ்சியில் சேர்ந்து ராமாயி இறந்தாள் என்பது உன் முடிவு. நாளை அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போவதாக அவன் மனைவி நஃபீசா தெருவில் நின்று அழுகிறாள். உன் முடிவு தவறு. அதைத் திருத்தவே வந்தேன்.

கார்த்திகையில் என் அவரைக் கொடியில் அசுவினிப் பூச்சி விழுந்தது. மாட்டுக்கொட்டகைப் பரணில் பழைய மருந்து டப்பா ஒன்று கிடந்தது. நான் வேலையில் இருந்த காலத்தில் வாங்கியது. அதன்மேல் ஒட்டியிருந்த தாளைப் பூச்சி அரித்திருந்தது. பூச்சிமருந்தின் பெயரையே பூச்சி தின்றுவிட்டதே, பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதையாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். பழைய மருந்து வேலை செய்யுமா என்று யூசுபிடம் கேட்டேன்.

"மருந்துக்கும் வயசாகுங்க சார்" என்றான். "சிலது சாதுவாயிடும். சிலது கெழடு ஆக ஆகக் கோவம் ஏறும். எது எப்படின்னு படைச்சவனுக்குத்தான் தெரியும். டப்பாவை இங்க கொண்டாந்துடுங்க, நான் பாத்துக்கிறேன். உங்களுக்குப் புதுசு தர்றேன்."

"மருந்தைச் சொல்கிறாயா, என்னைச் சொல்கிறாயா?"

"உங்களுக்கு ஏதுங்க சார் கோவம்?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரம்பைத் தொடாத வாத்தியார் என்று ஊர் என்னைச் சொல்லும். பிரம்பைத் தொடாதவனுக்குக் கோபம் இல்லை என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ராமாயியின் மகன் கோவிந்தராசு என் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவன். சேரிப் பிள்ளைகளை வாசலில் உட்காரவைத்த நாளில் அவனை நான் வகுப்புக்குள் உட்காரவைத்தேன். கடைசி வரிசைதான்; ஆனாலும் உள்ளே. அவன் கையைப் பிடித்து அவன் பெயரை எழுதக் கற்பித்தேன். புதிய ஆட்சி வந்தது, புதிய சட்டம் வந்தது. அந்தக் கை தாலுகா ஆபீசுக்குப் போய், நான் கற்பித்த அதே எழுத்தில் கையெழுத்திட்டு, குத்தகைதாரன் என்று பதிவு செய்துகொண்டது. இனி என் நிலத்திலிருந்து அவனை எழுப்ப என்னால் ஆகாது.

உனக்கு நினைவிருக்கும், வகுப்பில் ஒரு கொக்குக் கதை சொல்வேன். சேற்றில் கிடந்த நண்டுக்கு இரக்கப்பட்ட கொக்கு, வரப்பில் ஏறக் கற்றுக்கொடுத்தது. ஏறிய நண்டு, வரப்பு என்னுடையது என்றது. நன்றி மறவாதே என்று கதையை முடிப்பேன். பதிவு முடிந்த வாரம் வயலில் வைத்து அந்தக் கதையைக் கோவிந்தராசுக்கு நினைவூட்டினேன். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பணிவாகத்தான் கேட்டான்.

"அதெல்லாம் சரிங்க சார். அந்த வரப்பைப் போட்டது யாருங்க?"

நாற்றுக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னோடு வீட்டுக்கு வந்தது. கத்தரி இலையைத் திருப்பும்போதெல்லாம் அது அடியில் இருந்தது.

மருந்துக்கு வருகிறேன். டப்பாவை யூசுபிடம் கொடுக்காமல் நானே கொடியில் தெளித்துப் பார்த்தேன். அசுவினி சாகவில்லை. பழைய மருந்து சாதுவாகிவிட்டது என்றே எண்ணினேன். ஆனால் டப்பாவைக் கழுவப் போய், அடியில் தங்கிய வண்டலில் கொஞ்சத்தை வேலியோரம் கொட்டிய இடத்தில் பக்கத்து வீட்டு ஜன்னத் பீவியின் கோழி கொத்தியது. கொத்திய இடத்திலேயே விழுந்தது. யூசுப் சொன்னது சரிதான். மேலே சாதுவாக இருந்தது, அடியில் கோபமாக இருந்தது. மிச்ச வண்டலை நான் கொட்டவில்லை, பத்திரப்படுத்தினேன்.

தை மாதம் அறுவடை முடிந்தது. வரப்பு வளைகளில் எலி சேர்த்துவைக்கும் நெல், தோண்டி எடுப்பவர்களுக்குச் சொந்தம் என்பது நம் பக்கத்து வழக்கம். எலி பதரை எடுக்காது. முற்றிய கதிராகப் பார்த்துத்தான் கொண்டுபோகும். என் வயல் வளைகளை ராமாயிதான் தோண்டுவாள். அந்த நெல்லில் கஞ்சி வைத்துத் தாயும் மகனும் குடிப்பார்கள். நான் வரப்பில் போனபோது அவள் எதிரே வந்தாள்.

"நாளைக்கு வளை வெட்டப்போறேன் சார். எலி நெல்லுக் கஞ்சி ஒரு சொம்பு கொண்டாரட்டுங்களா? எங்க வூட்டுக் கஞ்சி உங்களுக்கு எறங்குங்களா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

என் கையில் டப்பா இருந்தது. அது என்ன என்று அவள் கேட்கவில்லை. ஆகவே நான் பொய் சொல்ல நேரவில்லை. என் வாழ்நாளில் நான் பொய் சொன்னதில்லை.

எலிகளுக்காகவே வளைகளில் ஊற்றினேன். எலி திருடுகிற பிராணி. பிறர் விளைவித்ததைத் தன் வளைக்குள் கொண்டுபோய்த் தன்னுடையது என்று வைத்துக்கொள்கிறது.

கோவிந்தராசு மறுநாள் விவசாயத் தொழிலாளர் கூட்டத்துக்கு மாயவரம் போய்விட்டான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. கஞ்சியைக் கிழவி மட்டும் குடித்தாள். துக்கத்துக்குப் போனேன். "நீங்களே வந்தீங்களே சார்" என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் எழுதக் கற்பித்த கை. இழுத்துக்கொள்ளாமல் இருந்தேன், அந்த அளவுக்கு என் மனம் இளகியது.

யூசுபை விட்டுவிடு. டப்பாவைக் கொடுத்துவிடும்படி சொன்னவன் அவன். அவன் நல்லவன். தன் கடை மருந்தாகத்தான் இருக்கும் என்று அவனே நம்பி, கோவிந்தராசிடம் மன்னிப்புக் கேட்டானாமே. செய்யாத குற்றத்துக்கு ஒருவன் மன்னிப்புக் கேட்பதும், அதைக் கேட்டு இன்னொருவன் பெருந்தன்மையோடு மன்னிப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை. மன்னிக்க அவன் யார்?

நீ எழுதிக்கொண்டே இருக்கிறாய், துரைராசு. எலிக்காக ஊற்றினேன் என்றதையும் அப்படியே எழுதிக்கொண்டாய். அறுவடை முடிந்த வயலில் எலியிடமிருந்து காப்பாற்ற என்ன இருந்தது என்று நீ கேட்கவில்லை. கடைசி வரிசையில் இருந்தவன் கேட்டிருப்பான்.

ஒன்றுமில்லை. வைக்கோல்கூட இல்லை. அதையும் எழுதிக்கொள்.

இனி இந்தக் கூடை. திறந்துவிடாதே, பறந்துவிடும். இளம் பெட்டை, முட்டையிடும் பருவம். சந்தையில் நானே பார்த்து வாங்கினேன். இதை ஜன்னத் பீவியிடம் சேர்த்துவிடு. அவள் கோழி செத்தது என் கவனக்குறைவால். ஒருவருக்குக் கெடுதல் செய்துவிட்டு அதை ஈடுசெய்யாமல் உறங்க என்னால் முடியாது.