வெளுத்துப்போன முதுகு

உச்சி வேளை. முட்டுக்காடு தாண்டி மாமல்லபுரம் போகிற ரோடு. ஈ காக்கா இல்லை… என் சிநேகிதன் ஹரிஹரனின் மாமா காசிநாதன் தனியாக வேன் ஓட்டிக்கொண்டு வருகிறார். இரண்டாயிரத்து மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரமாக நிறுத்தி இறங்கினால், சவுக்குத் தோப்புக்குள் ஒரு முனகல். ஏதோ வண்டி அடித்துத் தூக்கியெறிந்த கருவாட்டு வியாபாரி. காசிநாதன் அவனை முதுகில் சுமந்து வேனைப் பார்த்து நடந்தார். பாதி வழியில்… காதோரம் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றுவிட்டது.

போலீஸ், கேஸ் என்று யார் அலைவது? அங்கேயே இறக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டார். பெண்டாட்டி ஏன், எதற்கு என்று குடைவாளே என்று, தலைகூட முழுகாமல் வீட்டுக்குள் நுழைந்தார். பிணம் சுமந்த உடம்போடு! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

சில மாதத்தில் இடுப்பு மரத்துப்போனது. பெண்டாட்டி தமிழ்ச்செல்வி பயந்துபோய்ச் செங்கல்பட்டில் ஸ்கேன் எடுக்க வைத்தாள். டாக்டர் பிலிமை விளக்கில் மாட்டினார்.

“முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் சதை கறுப்பா தெரியணும்மா. இவருக்கு எல்லாம் கரைஞ்சு, வெறும் கொழுப்பு, வெள்ளையா இருக்கு… இந்த முதுகை வச்சு உட்காரவே முடியாது. எப்படி நடந்து வந்தார்?”

குப்பென்று கருவாட்டு வாடை. புருஷன் முதுகுப் பக்கமிருந்துதான்… வெளியே வந்ததும் அவள் உலுக்கிய உலுக்கலில் காசிநாதன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடப்பாவி மனுசா! தல முழுவாமயா வூட்டுக்குள்ள வந்தே?”

மறுநாளே கடலுக்கு இழுத்துப் போனாள். ஒரு முழுக்கு. வாடை போய்விட்டது. ஆளும் எழவில்லை. இடுப்பு மடங்கி, முகம் தண்ணீருக்குள்… அலை அவரைத் துணி மாதிரி புரட்டுகிறது. தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. இத்தனை நாள் அவரை நிற்க வைத்தது யார் என்று அப்போதுதான் புரிந்தது. பயமெல்லாம் எங்கேயோ போயிற்று. புருஷன் பிழைத்தால் போதும். ஆளில்லாத கரையைப் பார்த்துக் கத்தினாள்.

“அண்ணே! போவாதண்ணே! அவரு செஞ்சது தப்புதான்… வந்து தூக்குண்ணே!”

சரக்… சரக்… ஈர மணலில் ஏதோ வந்தது. காசிநாதன் விறைப்பாக எழுந்து நின்றார்.

இன்றைக்கும் வேன் ஓட்டுகிறார். நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அவர் தூங்கும்போது தமிழ்ச்செல்வி மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாளாம். ஒன்றும் இருக்காதாம்.

மூச்சு வரும்… முதுகுப் பக்கமிருந்து.