முன் சீட்டு

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் மூக்கைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே சென்ட் வாசனை தூக்கலாக அடித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி தண்ணீரில் முங்கி எழுந்தது. நீங்கள் போகும்போதே என்ஜின் சூடாக இருந்தால், காலையில் அது கிளம்ப மாட்டேன் என்று அழுதிருக்கிறது. இதெல்லாம் படித்து வந்ததல்ல. கல்யாணத்துக்கு முன் பழைய கார் கடையில் போன் எடுக்கும் வேலை பார்த்தேன். போன் அடிக்காத நேரத்தில் காது சும்மா இருக்குமா?

என் காதைப் பற்றித் தெருவில் கேட்டுப் பாருங்கள். யார் வீட்டில் பாத்திரம் பறந்தது, வேலை போனதை மறைத்து எந்த மருமகன் தினமும் டிபன் டப்பாவோடு கிளம்புகிறார், எல்லாம் முதலில் எனக்குத்தான் வரும். கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி என் ஓரகத்தி இந்த வீட்டுக்குள் நுழையும்வரை அப்படித்தான் இருந்தது.

அவள் தையல்காரி. மாடி அறையில் மெஷின் போட்டாள். அளவு கொடுக்கக் கையைத் தூக்கினால் பெண்களுக்கு வாயும் தானாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. தெருவே படியேறிப் போய் அவளிடம் கொட்டியது. வாசலில் நிற்கும் எனக்கு ஒரு ‘சௌக்கியமா’வோடு சரி. எதிர்வீட்டு டீச்சர் கண் சிவந்து இறங்கிப் போன அன்று மனசு கேட்காமல் மாடிக்குப் போனேன்.

“என்னவாம் டீச்சருக்கு?”

“பாவம்க்கா, ஏதோ மனக்கஷ்டம்.”

“என்ன கஷ்டம்னு சொன்னாளா இல்லையா?”

“சொன்னாங்கக்கா.” ஊசியில் நூலைக் கோத்தபடி சிரித்தாள். “என்னை நம்பிச் சொன்னாங்க.”

குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அதெல்லாம் தெரியாது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தைத்துச் சேர்த்த காசில் ஒரு கார் வாங்கலாம் என்றாள். கொழுந்தனார் சொன்னார்: “அண்ணியைக் கூட்டிட்டுப் போவோம். சொர்க்கத்துக்குப் போனாலும் சுவத்துல விரிசல் எங்கன்னுதான் பார்ப்பாங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன கடையிலெல்லாம் வண்டிகளைக் கழித்துக் கட்டினேன். நியாயமான காரணங்கள்தான். பிறகு அந்தச் சிவப்புக் கார் வந்தது. துணியின் தரம் பார்ப்பதுபோல் கதவைத் தடவினாள். “இது நல்லாருக்குல்லக்கா? நீங்க முன்னாடி உட்காருங்க. நானும் அத்தையும் பின்னாடி.”

நான் ஏறிச் சாவியைத் திருப்பினேன். ஏர்பேக் விளக்கு ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பழுது. எரியவே இல்லையென்றால், பழுது தெரியாமலிருக்க எவனோ விளக்கையே பிடுங்கியிருக்கிறான். அது எரியவில்லை. பக்கத்து இருக்கைக்கு எதிரே டேஷ்போர்டு மட்டும் புதுசு. நிறம் கொஞ்சம் வெளிறல். விரலால் தட்டினேன். வெறும் மூடி, உள்ளே பை இல்லை. கடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

“எப்படிக்கா?”

“குறை சொல்ல ஒண்ணுமில்லம்மா.”

என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து வீட்டில் யாரும் கேட்டதில்லை. “அண்ணியே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன,” என்றார் கொழுந்தனார். அங்கேயே முடிந்தது.

அதன்பின் எங்கே கிளம்பினாலும் அவள் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாள். “நீங்கதான் பெரியவங்க, உட்காருங்கக்கா.” “உன் வண்டி, நீதாம்மா உட்காரணும்,” என்று ஒவ்வொரு முறையும் பின்னால் ஏறிக்கொள்வேன். மாமியார் என் பெருந்தன்மையைத் தெரு முழுக்கச் சொன்னார். தெரு என்னைப் பற்றி நல்லதாகப் பேசியது அப்போதுதான்.

ஒரு நாள் வளைவில் ஒரு லாரி நின்றிருந்தது. கொழுந்தனாருக்கு எதிரே பை விரிந்தது, மணிக்கட்டில் சுளுக்கு. பின்னால் எனக்கும் மாமியாருக்கும் சிராய்ப்பு. அவளுக்கு எதிரே எதுவும் விரியவில்லை. அவள் எழவில்லை.

வண்டியில் கோளாறு இருப்பது யாருக்காவது முன்னமே தெரியுமா என்று விசாரணையில் கேட்டீர்கள். எனக்குத் தெரியும், ஐயா. வாங்கும்போதே தெரியும். எந்த இருக்கை என்பதும் தெரியும். சொல்லவில்லை. தெருவின் ரகசியத்தையெல்லாம் அவள் வயிற்றுக்குள் வைத்திருந்தாள்; அதை எல்லோரும் குணம் என்றார்கள். நான் வைத்திருந்தது ஒன்றே ஒன்று.

போன வாரம் கொழுந்தனார் வேறு கார் பார்க்க என்னைத்தான் கூட்டிப்போனார். சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது. இறங்கிச் சுற்றி வந்து, அவர் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அதில் தப்பென்ன இருக்கிறது? அவள் இருந்திருந்தாலும் என்னை அங்கேதான் உட்காரச் சொல்லியிருப்பாள்.