ஒரே நாளில் வைத்த பல்

இதைப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். நாளைக் காலையில் அவருடைய பல் மருத்துவமனை நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவேண்டும். வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு நாளை மாலை பள்ளி விழாவில் பேசப்போவதை எழுதுகிறேன்.

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே! அறிவூட்டும் ஆசிரியப் பெருமக்களே! அன்பு குறையாத தாய்மார்களே! சிறப்பு விருந்தினராக வீற்றிருக்கும் பல் மருத்துவரே, என் அப்பாவே! முன்பல் இல்லாத வாயின் முதல் வணக்கம்!

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ‘சிறப்பு’ என்றால் சீட்டிச் சத்தம் வருகிறது, எனக்கே கேட்கிறது. பந்து பட்டுப் போன பல். இந்த மேடைக்காக இன்று காலையே அப்பா புதுப் பல் வைப்பதாக இருந்தார். நான் மறுத்துவிட்டேன். ஏன் மறுத்தேன்?

அப்பாவின் வரவேற்பறைச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. என் வயதில் என் அக்கா. காலையில் தாடையில் திருகு. மாலையில் அதன்மேல் பல். மறுநாள் சட்டத்துக்குள் சிரிப்பு! வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். “பத்து வருஷம் ஆச்சு. திருகு இம்மிகூட அசையல!”

உண்மைதான், அசையவில்லை. அசையாததுதானே துயரம்! அக்காவின் மேல்தாடை வளர்ந்தது. பக்கத்துப் பற்கள் அதோடு கீழே இறங்கின. எலும்போடு ஒட்டிய திருகு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. இன்று அந்தப் பல் குட்டையாக, மேலே ஏறித் தெரிகிறது.

“ஏன்க்கா அப்பாகிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

வாயைப் பொத்திக்கொண்டே சொன்னாள்: “அவர் படத்தைத்தான்டி பாக்கறாரு. என்னை எங்க பாக்கறாரு?”

அப்பா, திருகு நிலைத்தால் போதுமா? சிரிப்பு நிலைக்க வேண்டாமா? வளர்ந்து முடித்தவர்களுக்கு நீங்கள் வைத்த பற்கள் வாழட்டும்! என் தாடை இன்னும் வளர்கிறது. வளரும்வரை கழற்றி மாட்டும் பல் போதும். அதுவும் இல்லையென்றால் இந்த ஓட்டை போதும்! ஓட்டையோடு பேசுவேன், ஓட்டையோடு சிரிப்பேன், ஓட்டையோடு காத்திருப்பேன். பிறகு உங்கள் கையாலேயே வைத்துக்கொள்வேன்.

அதோ, கடைசி வரிசையில் அக்கா. அக்கா, கையை எடு! அப்பா, திரும்பிப் பாருங்கள்!

பொறுமையோடு கேட்ட அவைக்கு என் நெஞ்சார்ந்த நன்

அப்பா கதவைத் தட்டுகிறார். “இன்னும் தூங்கலையாம்மா? காலைல முதல் ஆள் நீதான்.”

மேடை வரைக்கும் எதற்கு? கதவைத் திறந்து இப்போதே