முகூர்த்த நேரத்தில் ஒழுகிய பெட்ரோல்

அறுபதுகளில் ஒரு காலை, செராங்கூன் சாலையில் போன பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. பக்கத்தில் அவளுடைய அம்மா. அப்பா கம்பியைப் பிடித்தபடி நின்றார். வெள்ளைச் சட்டையின் கைகளில் கறுப்புக் கறை.

“தண்ணிக் குழாய்க்குச் சுத்துற சணலை யாராச்சும் காரோட பெட்ரோல் பம்புக்குச் சுத்துவாங்களா?” என்றாள் அம்மா.

“சணல் மேல தப்பில்ல. நட்டோட மரைதான் சேரல. ஒழுகுதேன்னு இன்னும் கொஞ்சம் முடுக்கினேன், பித்தளை வெடிச்சிருச்சு.”

“அந்தப் பழைய கார் வேணாம், டாக்சி சொல்லிருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“என் பொண்ணு என் கார்லதான் போவணும்னு ஆசப்பட்டேன், அது குத்தமா? கடைக்காரன் ரெண்டு நட்டு காட்டினான். பழசுதான் சேரும்னான். நான்தான் புதுசு பளபளன்னு இருக்கேன்னு...”

“எதை எடுத்தாலும் பளபளப்பைப் பாத்துத்தானே எடுக்கிறீங்க!”

அதுவரை குனிந்திருந்த மணப்பெண் நிமிர்ந்தாள்.

“அம்மா, மாப்பிள்ளையையும் அப்பாதான் பாத்தாரு.”

அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு மெதுவாக, “அவரைப் பத்தி நாலு பேருகிட்ட விசாரிச்சேம்மா,” என்றார்.

கோயில் நிறுத்தம் வந்தது. முதலில் இறங்கிய அப்பா, கறையைப் பார்த்துத் தயங்கிவிட்டுக் கையை நீட்டினார். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.