அச்சுத் அன்று போனில் பேசவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் தோதாத்ரி சுவாமிக்கும், என் பேரனோடு கடைசி வரை நின்ற முரளிதரனுக்கும், ரேணிகுண்டாவிலிருந்தும் தடாவிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த நாமகிரியின் நமஸ்காரம்.

ஹவில்தார் அச்சுதின் பாட்டி நான். அவன் அப்பா ரங்கா முன்வரிசையில்தான் இருக்கிறான். அவனால் பேச முடியவில்லை. பேரனுக்குப் பாட்டி இரங்கல் பேசுவது என்ன நியாயம்? ஆனாலும் இன்று பேசாமல் இருந்தால் அவன் பெயர் கெட்டதாகவே நின்றுவிடும்.

பெருமாள் கைங்கரியம் செய்யும் குடும்பத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவன் எங்கள் அச்சுத். எல்லையைத் தாண்டி வரும் ட்ரோனைக் கண்டுபிடித்து மடக்குவது அவன் வேலை. "சண்டைன்னா துப்பாக்கிதானேடா?" என்று கேட்டேன். "இப்போ அப்படி இல்ல பாட்டி. வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுண்டு ஒண்ணு வரும். அதை ஓட்டறவன் எங்கேயோ ரூம்ல நாற்காலி போட்டு உக்காந்துண்டிருப்பான்" என்றான்.

ஜாமர் என்று ஒரு கருவி உண்டாம். ட்ரோனுக்கு வரும் சிக்னலை அது அறுத்துவிடும். இப்போதோ முடி போன்ற கம்பியை இழுத்துக்கொண்டே வரும் ட்ரோன் வந்துவிட்டது. ஓட்டுகிறவன் கட்டளை அந்தக் கம்பி வழியாகவே வரும், காற்றில் வரும் சிக்னல் வேண்டாம். ஜாமர் அதை என்ன செய்யும்? அதைத் தடுக்க வலை கட்டுவார்கள். கூடுதலாக மீன்வலை தேடி, போன லீவில் அச்சுத் தடாவுக்குப் போனான். வலை கொடுத்த செங்கம்மா இதோ உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் கேட்டாளாம்: "மீன் துன்னாத ஊட்டுக்கு வலை எதுக்கு சாமி? எங்க பொழப்புல மண்ணப் போடலாம்னு கீறயா?" அவன் சொன்னானாம்: "இது மேலே பறந்து வர்ற மீனுக்கு, அக்கா."

வலை வாசலுக்கு வந்ததும் ரங்கா குறுக்கே நின்றான். "பெருமாள் எழுந்தருளியிருக்கற ஆத்துக்குள்ள இந்த நாத்தமா? வெளியில போடுடா!" "ஆத்துக்கு இல்லப்பா. எங்க தலைக்கு மேல கட்டறதுக்கு" என்றான் பிள்ளை. சாயங்காலம் பார்த்தால், கொல்லைக் குழாயடியில் சீயக்காய் போட்டு அந்த வலையை ரங்காவே அலசிக்கொண்டிருக்கிறான்.

அந்த வலை பதுங்கு குழியின் மேலே கட்டப்பட்டது. அவனை நாம் இழந்த அன்று காலை கம்பி ட்ரோன் வந்தது. சத்தத்தை முதலில் கேட்டவன் அச்சுத். எல்லோரையும் வலைக்குக் கீழே அனுப்பினான். வெளியே காவலில் நின்ற முரளிதரனைப் பிடித்து உள்ளே தள்ளினான். வலைக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். தள்ளியவன் மட்டும் வெளியே நின்றுவிட்டான். நான் எதையாவது தவறாகச் சொன்னால் முரளிதரன் திருத்தட்டும்.

அதற்குப் பிறகுதான் இரண்டாவது அடி விழுந்தது. அச்சுத் குரலில் ஓர் ஆடியோ உங்கள் போனுக்கெல்லாம் வந்தது. அன்று காலை அவன் எனக்குப் போன் செய்தானாம். தன் முகாம் எந்தக் குன்றுக்குப் பின்னால் இருக்கிறது என்று சொன்னானாம். அதைக் கேட்டுத்தான் ட்ரோன் வந்ததாம். அது பொய் என்று அதிகாரிகள் சொன்னார்கள். உள்ளே போன் கொண்டுபோகவே விடமாட்டார்கள் என்று முரளிதரன் சொன்னான். அன்று எனக்குப் போனே வரவில்லை என்று நானும் சொன்னேன். யார் கேட்டீர்கள்? கடைத்தெருவில் என் காதுபடவே ஒருவர் சொன்னார்: "பையன் வாயாலதான் கெட்டுப்பூட்டான்."

அந்த ஆடியோவை நானும் கேட்டேன். அதே குரல். அதே இழுப்பு. ஒரு நிமிஷம் அவனே கூப்பிடுகிறான் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எடுத்த எடுப்பில் அது என்ன கேட்கிறது? "பாட்டி, சாப்டாச்சா?" அன்று ஏகாதசி. எங்கள் அகத்தில் பெரியவர்கள் தண்ணீர்கூட அருந்தமாட்டோம். பாலகனாக இருந்த நாளிலிருந்து, ஏகாதசியன்று என்னைப் பார்த்து அந்த வார்த்தையைக் கேட்காதவன் அவன். பனியில் இருந்தாலும் பஞ்சாங்கம் மறக்காதவன். குரலைத் திருடியவனுக்கு எங்கள் விரதம் தெரியவில்லை.

குரல் எங்கிருந்து போயிருக்கும்? போன லீவில் இதே மண்டபத்தில் கம்ப்யூட்டரில் செய்யும் பொய்க் குரல்களைப் பற்றி அச்சுத் நமக்கு வகுப்பு எடுத்தான். அந்த வகுப்பின் வீடியோவை யாரோ பெருமையாக ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். அதிலிருந்து எடுத்திருக்கலாம் என்கிறார்கள்.

அவன் அன்று சொன்னதை இனி நான் சொல்லப்போகிறேன். தெருத் தெருவாகப் போய்ச் சொல்லப்போகிறேன். தெரிந்த குரலே ஆனாலும் போனை வையுங்கள். நீங்களே அவர்கள் நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடுங்கள். பட்டாளத்துப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கேட்காதீர்கள். தெரிந்தாலும் சொல்லாதீர்கள். வந்ததை எல்லாம் மற்றவருக்குத் தள்ளிவிடாதீர்கள். முகாமுக்கு வலையும் போகும், செங்கம்மா வாக்குக் கொடுத்திருக்கிறாள், அலச ரங்கா இருக்கிறான். அச்சுத் தொடங்கிய இரண்டு வேலையையும் நாம் விடப்போவதில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். போனைக் கையில் எடுங்கள். அந்த ஆடியோவை இங்கேயே, என் கண் முன்னாலேயே அழியுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களையும் கூப்பிட்டு அழிக்கச் சொல்லுங்கள்.

என் மாட்டுப்பெண், அவனைப் பெற்ற நீரஜாவின் போனிலும் அது இருக்கிறது. பொய் என்று அவளுக்குத் தெரியும். அதன் கடைசியில் ஓரிடத்தில் "அம்மாகிட்ட குடு" என்று வருகிறது. கதவைச் சாத்திக்கொண்டு அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாள்.

அவளிடம் மட்டும் யாரும் அழிக்கச் சொல்லாதீர்கள்.